ரோஜா டீச்சர் கேட்ட அளவு

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, பேனா பென்சில் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் நசுங்கி நிற்கிறது அந்தச் சீருடைத் தையற்கடை. அதன் சொந்தக்காரிக்கு ஊசியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுக்கே மறந்திருக்கும். வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்வியபடியேதான் பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். ஒருமுறை அவள் தும்மியதில் தெருவில் போன பலூன்காரரின் மொத்தச் சரக்கும் வெடித்துவிட்டது என்று அங்கே சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. வெடித்தவை இரண்டு பலூன்கள்தான். மூன்றாவது முன்பே காற்றுப் போய்க் கிடந்தது. அதற்கு அவள் பொறுப்பல்ல.

அவளை அறிந்துகொள்ள வேண்டுமானால் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். எதைப் பார்த்தாலும் முதலில் அந்த மூக்குதான் சுருங்கும். கிழிந்த சீருடைகள் தைக்க வரும்போது பாக்கெட்டைத் துழாவாமல் மெஷினில் வைக்க முடியாது. துழாவினால் என்ன கிடைக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். பாதி தின்று மறந்த வாழைப்பழம், மென்று காகிதத்தில் சுற்றிய சூயிங்கம், விழுந்த பல், மூக்கு சிந்திக் காய்ந்த கைக்குட்டை. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் பாக்கெட்டிலிருந்து உயிருள்ள நத்தை வந்தது. அது ஓவர்லாக் மெஷின்மேல் ஏறி, ஒரு பருவம் முழுக்கக் குடித்தனம் நடத்தி, குடும்பமும் வைத்துக்கொண்டது. ஊசியக்கா எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்துப் போட்டு, டெட்டாலில் கை கழுவிக்கொண்டு, "பெத்ததுங்க என்னத்தத்தான் பாக்குதுங்களோ" என்பாள். உலகத்தில் இதைவிட அருவருப்பானது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

கடையில் அவளைத் தவிர இரண்டு பேர். ஒருவர் அவள் கணவர், கட்டிங் மாஸ்டர். அவருக்கு நாக்கு வேலை செய்யாது, கத்தரிக்கோல்தான் பேசும். மற்றவள் அவருடைய தங்கை, அதாவது ஊசியக்காவின் நாத்தனார். பாக்கெட்டில் பள்ளி முத்திரையும் பிள்ளையின் பெயரும் எம்ப்ராய்டரி செய்வது அவள் பொறுப்பு. அந்தப் பெயர்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் தொழில் செய்தும் இருவருக்கும் தலைமுடி மிச்சமிருந்தது என்பது அந்தத் தெருவின் அதிசயம்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே எந்தப் பிள்ளைமீதும் டேப் படாது. பழைய சட்டையைக் கொண்டு வரவேண்டும். ஊசியக்கா அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, அதைத்தான் அளப்பாள். வளர்கிற பிள்ளை என்பதால் நீளத்தில் இரண்டு விரலும் அகலத்தில் ஒரு விரலும் கூட்டுவாள். பழைய சீருடை இல்லையா, வீட்டில் போடும் உடுப்பு போதும். "சட்டைக்குத்தான் அளவு, பிள்ளைக்கு இல்ல" என்பாள். தைத்தது ஒருநாளும் பிடித்ததில்லை, தொளதொளத்ததில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவள் கணவரிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயதில் அவர்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். நரைத்த தலை, நெற்றி நிறையப் பக்தி, எல்லோருக்கும் பெரியவர். அளவெடுக்கிறேன் என்ற சாக்கில் அவருடைய டேப் நிற்கக்கூடாத இடங்களில் நின்றது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். "அவரு அப்படிப்பட்ட மனுஷன் இல்லடி. நீ நேரா நின்னிருக்க மாட்டே" என்றாள் அம்மா. அடுத்த வருடமும் அதே கடைக்கே அனுப்பினார்கள். அந்த ஆள் செய்ததைவிட அம்மா சொன்னது அவளுக்கு இன்னும் குமட்டும்.

இப்படி ஒரு பிள்ளைமீதும் டேப் படாமல் காத்தவள்தான், எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுபோய்ச் சந்தையில் நிறுத்தினாள். அவளுக்குத் தெரியாமல்தான்.

கடைக்கு இணையத்தில் ஒரு பேஜ் வேண்டும் என்று ஆரம்பித்தவள் நாத்தனார்.

"இப்ப எல்லாம் போன்ல பாத்துட்டுத்தான் அண்ணி கடைக்கே வராங்க. மூலைக்கடைக்காரன் பேஜ் போட்டு எங்கியோ போயிட்டான்."

"எங்க போனான்? காலையிலகூட வாசல் பெருக்கிட்டிருந்தான்."

"உங்ககிட்ட பேசறதுக்கு மெஷின்கிட்ட பேசலாம்."

"மெஷின்கிட்டயே பேசு. அதுவாவது எண்ணெய் ஊத்தினா சொன்னபடி கேக்கும்."

பேஜ் வந்தது. புதுச் சீருடையை வாங்க வரும் பிள்ளையை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லி, நீலத் திரைக்கு முன்னால் நிறுத்தி, நாத்தனார் படம் எடுத்தாள். பாக்கெட்டில் அவள் தைத்த பெயர் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தே எடுத்தாள். அந்தப் படத்தில் என்னவெல்லாம் இருந்தது பாருங்கள். பிள்ளையின் முகம். அதற்குக் கீழே பெயர். அதையொட்டிப் பள்ளி முத்திரை. தோளில் எந்த வகுப்பு என்று சொல்லும் வண்ணப் பட்டை. வீடு தேடி வரும் தபால்காரருக்குக்கூட இவ்வளவு விவரம் யாரும் தருவதில்லை.

தாய்மார்களுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு படத்த எப்பங்க போடுவீங்க" என்று கேட்டுக்கேட்டு வந்தார்கள். எவள் பிள்ளைக்கு அதிக லைக் என்பதில் பள்ளி வாசலில் முகம் திருப்பல்கள் நடந்தன. இரண்டு தாய்மார்கள் லைக் கணக்கில் சண்டையிட்டு, இன்றுவரை எதிரெதிர் நடைபாதையில்தான் நடக்கிறார்கள்.

அந்தப் பேஜின் பெரிய ரசிகை ஒரு டீச்சர். முகம் கிடையாது, முகத்தின் இடத்தில் பனித்துளியோடு ஒரு ரோஜா. பெயரும் ரோஜா டீச்சர்தான். எந்தப் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். "என் தேவதை." "கண்ணு பட்டுடும்." "இந்தச் செல்லம் எந்த செக்ஷன்?" பெற்றவர்களே வந்து செக்ஷனைச் சொல்லிவிட்டு, நன்றி டீச்சர் என்று கைகூப்பும் பொம்மையும் போட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் நடத்துகிற டீச்சர் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரோஜாவிடம் யார் கேட்பார்கள்?

ஊசியக்கா பேஜைத் திறந்து பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் நாத்தனார் போனை நீட்டினாள்.

"அண்ணி, ரோஜா டீச்சர் கேக்கறாங்க. பாவாடை பிளீட் பின்பக்கம் எப்படி விழுதுன்னு பாக்கணுமாம்."

ஊசியக்காவின் மூக்கு அன்று சுருங்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள். அவள் மடிக்கும் பிளீட் கோடு பிசகாமல் விழும். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் மடித்துவிடுவார்கள், பின்பக்கத்தில்தான் கைத்திறன் தெரியும். அத்தனை வருடங்களில் ஒரு வாடிக்கையாளர்கூட அதைக் கேட்டதில்லை.

"தையல் தெரிஞ்ச பொம்பளையா இருக்கும்போல. எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் திரும்பி நிற்கச் சொல்லியும் எடுத்தாள்.

புதுச் சீருடைக் காலம் முடிந்து கடை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகல். பள்ளி விட்டதும் ஒரு பெண் உள்ளே வந்தாள். பல் டாக்டரம்மாவின் மகள், ஏழாம் வகுப்பு. தாயே மகளின் பல்லுக்குக் கம்பி மாட்டியிருந்ததால் தோழிகள் வைத்த பெயர் கம்பி. கிழிந்தது எதுவும் கொண்டுவரவில்லை. நூல்கண்டு அலமாரிக்கு முன்னால் நின்று, மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டு என்று ஆராய்ச்சி செய்வதுபோல் நின்றாள். நாத்தனார் பேக்கரிக்குப் போயிருந்தாள்.

"என்ன கம்பி, நூல் கடை வைக்கப் போறியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"அக்கா, இன்னொரு போட்டோ கண்டிப்பா வேணுமா?"

"எந்த போட்டோ?"

"அளவுக்கு. நீங்க கேட்டீங்களே."

ஊசியக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துமெத்தையில் குத்தினாள். அதை அவள் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டுமே செய்வாள்.

"நான் எப்போடி கேட்டேன்?"

"கடை பேஜ்லேர்ந்து. பாவாடை அளவு தப்பாப் போச்சு, மாத்தித் தரோம், அம்மாகிட்ட சொன்னா திட்டுவாங்க, நாமளே சரி பண்ணிக்கலாம்னு." அவள் குரல் நூல்கண்டுகளிடம் பேசிக்கொண்டிருந்தது. "முன்பக்கம், சைடு, பின்பக்கம்னு மூணு அனுப்பினேன். யூனிஃபார்ம்லதான் அக்கா. அப்புறம் இன்னொண்ணு கேக்கறீங்க. அதான், உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன். நீங்க யாருக்கும் டேப்பே வைக்க மாட்டீங்களே. பழைய சட்டைதானே கேப்பீங்க."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

கடையின் படம், கடையின் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். முதலில் ரோஜா டீச்சர்தான் கம்பியிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். நீ எவ்வளவு அழகு, உன் அம்மா உன்னைப் புரிந்துகொள்வதில்லையோ, உனக்கு நான் இருக்கிறேன். பிறகு "உன் பாவாடை சரியில்லையே கண்ணு, கடைக்காரங்களுக்குச் சொல்லிட்டேன்" என்று இந்தப் புள்ளி வைத்த கடையைக் காட்டியிருக்கிறாள். கடை கண்ணு என்றது, செல்லம் என்றது, அக்காதான் பேசறேன் என்றது. ஊசியக்கா பிறந்ததிலிருந்து யாரையும் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. சொந்தப் பூனையைக்கூட இல்லை.

நான்காவது படம் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்படி எடுத்தால்தான் அளவு சரியாக வருமாம். அதற்குக் கீழே கடைசியாக வந்தது இது: இன்றைக்குள் வரவேண்டும். வராவிட்டால் முதல் மூன்று படங்களும், நீ அம்மாவைப் பற்றி டீச்சரிடம் சொன்னதெல்லாமும் உன் வகுப்பு முழுக்கப் போகும்.

செல்லமும் மிரட்டலும் ஒரே விரலால், ஒரே மூச்சில். நடுவில் ஒரு ரோஜா பொம்மை.

ஊசியக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டு, பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். அங்கே கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். அழுகிய வாழைப்பழங்களையும் காய்ந்த கைக்குட்டைகளையும் வருடக்கணக்கில் எடுத்துப் போட்ட வயிறு, அன்று மதியம் சாப்பிட்டதை வைத்துக்கொள்ள மறுத்தது. முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கம்பி அதே இடத்தில் நின்றாள்.

"திட்டுவீங்களா அக்கா?"

"உன்னையா? நீ என்ன பண்ணே?"

"அனுப்பிட்டேனே."

"கடை கேட்டுச்சு, அனுப்பினே. கடை நாறிப்போனதுக்கு நீ என்ன பண்ணுவே. உக்காரு."

அதற்குள் நாத்தனார் பேக்கரியிலிருந்து வந்து, விஷயத்தைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்தாள். மறு கை நேராகப் போனுக்குப் போனது.

"எல்லாத்தையும் அழிச்சுடறேன் அண்ணி. பேஜையும் இதையும் ஒண்ணுவிடாம. அதுக்கு முன்னாடி இவனை நல்லா நாலு கேட்டு..."

"கையை எடு."

"அண்ணி, அசிங்கம் அண்ணி."

"அசிங்கந்தான். அப்படியே இருக்கட்டும். நீ துடைச்சிட்டா நாளைக்குப் போலீஸ்கிட்ட எதைக் காட்டுவே, உன் வாயையா? பதிலும் எழுதாதே. எல்லாத்தையும் படம் புடிச்சு வை, அவன் பேரு, நேரம், எல்லாம் தெரியற மாதிரி."

கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், ஷட்டரைப் பாதி இறக்கினார். அவர் அப்படிச் செய்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாத்தனார் கடையின் பேஜைத் திறந்தாள். இருவரும் சேர்ந்து ரோஜா டீச்சர் எழுதியதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து படித்தார்கள். அதே எழுத்துதான், அதே தேவதைதான். ஆனால் இப்போது ஒவ்வொரு வரியும் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. யூகேஜி குழந்தையின் படத்துக்குக் கீழேயும் அவன் இருந்தான். அவன் என்றுதான் இருவருக்கும் வாயில் வந்தது. "பின்பக்கம் காட்டுங்கள்" என்ற வரிக்கு வந்ததும் ஊசியக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குக் கீழே கடையின் பதில் இருந்தது: மிக்க நன்றி டீச்சர், தொடர்ந்து ஆதரவு தாருங்கள்.

"வா, உங்கம்மாகிட்ட போலாம்" என்றாள் ஊசியக்கா.

கம்பி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அம்மாகிட்ட மட்டும் வேணாம் அக்கா."

"ஏன்?"

"போனைப் புடுங்கிடுவாங்க. ஏன்டி அனுப்பினேன்னு கேட்டுட்டே இருப்பாங்க. அப்பாகிட்ட சொல்வாங்க. நான் அந்த ஒரு போட்டோவ அனுப்பிட்டா அவங்க விட்டுடுவாங்கள்ல? அதோட முடிஞ்சிடும்ல?"

அவன் எதை நம்பிக் காத்திருக்கிறான் என்பது ஊசியக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்குக் கம்பியின் பயம் போதும். அந்தப் பயம் அவன்மீதுகூட இல்லை, பெற்றவள்மீது. டாக்டரம்மா வாயைத் திறந்து தவறாக ஒரு கேள்வி கேட்டால் போதும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அவன் கேட்டதை அனுப்பிவிடும். பிறகு அடுத்ததைக் கேட்பான். அதற்கு முடிவே கிடையாது.

"முடியாதுடி. இவனுங்க பசி ஒண்ணோட அடங்கறதில்ல" என்றாள். "உங்கம்மா உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கேட்டா வாயைத் தைச்சிடறேன். என்கிட்ட நூல் இருக்கு."

கம்பி சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை விட்டாள்.

பல் ஆஸ்பத்திரி அடுத்த தெருவில், மாடியில். டாக்டரம்மா முகமூடியும் கையுறையுமாக ஒரு பெரியவரின் வாய்க்குள் இருந்தார். உதவிக்கு இருந்த பெண் தடுக்கத் தடுக்க ஊசியக்கா உள்ளே போனாள். சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி, போனைக் காட்டினாள். டாக்டரம்மா படித்தார். கையுறை போட்ட விரல் திரைமேல் நின்றுவிட்டது. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் மகள் பக்கம் திரும்பின.

"உனக்கு அறிவிருக்கா? எதுக்குடி..."

"டாக்டரம்மா" என்றாள் ஊசியக்கா. குரலை உயர்த்தவில்லை. "அவளை ஏன்னு கேக்காதீங்க. கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க. போட்டோவ ஊருக்குக் காட்டினது நாங்க. பேரைத் தைச்சுக் கொடுத்ததும் நாங்க."

"இவ அனுப்பியிருக்காளே."

"எங்க பேஜ்ல வந்த இவ படத்த நீங்களும் எடுத்து உங்க பக்கத்துல போட்டீங்க. கீழ அவன் வந்து தேவதைன்னு எழுதினான். நீங்க என்ன எழுதினீங்கன்னு பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். நன்றி டீச்சர், உங்கள் ஆசி என்றும் வேண்டும். அவருடைய விரலால் அவரே எழுதியது. முகமூடியைக் கழற்றினார். கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் கிருமி கொல்லும் மருந்தின் வாசனை எப்போதும் உண்டு. அன்று அது போதவில்லை.

நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த பெரியவரை எல்லோரும் மறந்திருந்தார்கள். பாதி வாய் மரத்துப்போன நிலையில், கோணிய உதட்டால், அவர் தலையைத் தூக்கினார்.

"பொண்ணு வந்து சொல்லிச்சே. அதுக்குத் தட்டிக் கொடும்மா" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டு நனைந்துவிட்டது. "அப்புறம் போலீஸ். என் பல்லு எங்கியும் ஓடாது."

டாக்டரம்மா மகளிடம் போனார். என்னென்னமோ கேட்க வாய் வரை வந்தது, பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. கையுறைகளைக் கழற்றிப் போட்டார். பிறகு, "தனியாவேவா இத்தனை நாள் இதைச் சுமந்துட்டுத் திரிஞ்சே?" என்று மட்டும் கேட்டார். கம்பி அப்போதுதான் அழுதாள். கம்பி மாட்டிய வாயைத் திறந்து, சத்தமாக, வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் பல் பிடுங்கும் பயத்தில் எழுந்து நிற்கும்படி அழுதாள். அவர்களில் பாதிப்பேர் அன்றே பல்வலி போய்விட்டதென்று வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

காவல் நிலையத்தில் இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே ஒரு மேசை இருந்தது, அதற்கு ஒரு பெண் அதிகாரியும் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்து, வேண்டியதைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டார். "அழிக்காம கொண்டுவந்தீங்களே, பாதிப்பேரு வெக்கத்துல அழிச்சுட்டு வந்து நிப்பாங்க" என்றார். பிறகு தேநீரை ஒரு மிடறு குடித்துக்கொண்டே, "இதெல்லாம் இப்ப ரொம்பச் சாதாரணம்மா" என்றார்.

"சாதாரணமா?" என்றாள் ஊசியக்கா.

"தினம் வருது."

அந்தத் தேநீரை அவரால் எப்படிக் குடிக்க முடிகிறது என்று ஊசியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குடிக்காமல் இந்த மேசையில் எத்தனை நாள் உட்காரமுடியும் என்றும் அவளுக்குத் தோன்றியது.

பிடித்துவிட்டார்கள். கொஞ்ச காலம் ஆனது, ஆனாலும் பிடித்தார்கள். வாக்குமூலம் கொடுக்கப் போன அன்று ஊசியக்கா அவனைப் பார்த்தாள். கொம்பும் கோரைப்பல்லுமாக ஒன்றை எதிர்பார்த்துப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி ஆள். ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறானாம். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தான். அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம். அவளுடைய படம் ஒன்றைக்கூட அவன் எங்கேயும் போட்டதில்லையாம். எங்கே என்ன நடக்கும் என்று தெரிந்த தகப்பன். அவன் மனைவி அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க ஊசியக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி கடையின் பெயரைச் சொல்லக் கேட்டு அவன் இவளை அடையாளம் கண்டுகொண்டான். மிக மரியாதையாகப் பேசினான்.

"நீங்கதானே அம்மா போட்டீங்க? நீங்க போட்டதைத்தானே நான் பாத்தேன்."

அவளுக்கு இரவும் பகலும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்த வார்த்தை. அதை அவன் வாயிலிருந்து கேட்டபோது, சாக்கடையில் விழுந்த தன் பாத்திரத்தை இன்னொருத்தன் கழுவாமல் எடுத்து நீட்டியது போலிருந்தது.

"ஆமா, கதவைத் திறந்து வச்சது நான்தான்" என்றாள். "அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உள்ள வந்து நீ பண்ணினதுக்கு நீ சொல்லு. உன்னுதையும் சேத்து என் இலையில பரிமாறாதே."

கடையின் பேஜை மூடினார்கள். பாக்கெட்டுக்கு வெளியே பெயர் தைப்பதை நிறுத்தினார்கள். இனி காலருக்கு உள்பக்கம், துணி துவைப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி. அதற்குப் பிறகு நடந்தது ஊசியக்காவின் மூக்கை நிரந்தரமாகச் சுருக்கிவிட்டது. நடந்தது என்ன என்று அறிந்த தாய்மார்களே கடைக்கு வந்தார்கள்.

"பேஜை ஏங்க மூடினீங்க? எங்க பொண்ணுக்கு முந்நூறு லைக் இருந்துச்சு."

"அதுல எத்தனை அவனோடதுன்னு தெரியுமா?"

"அதுக்காக? எல்லாருமா அப்படி இருப்பாங்க? எங்க பொண்ணோடத மட்டும் திரும்பப் போடுங்களேன்."

பள்ளியின் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, நாற்காலி கொடுத்து, விஷயம் வெளியே போகவேண்டாம் என்றார். பள்ளியின் பெயர் இருக்கிறதல்லவா.

"பேரு இருக்குங்க. ஒவ்வொரு பாக்கெட்லயும் நாங்கதான் தைச்சோம்" என்றாள் ஊசியக்கா. "அதை வச்சுத்தான் அவன் வந்தான். பிள்ளைங்களைக் கூட்டி வச்சு நீங்க பேசறீங்களா, இல்ல நான் கேட்டுக்கு வெளிய ஸ்டூல் போட்டு ஏறிப் பேசட்டுமா?"

அவள் ஏறிப் பேசக்கூடியவள் என்பது தலைமை ஆசிரியைக்குத் தெரியும். பேசினார். ஒலிபெருக்கியில், வழவழவென்று, யாருக்கும் ஒன்றும் புரியாதபடி.

புரியும்படி பேசியது கம்பிதான், ஒலிபெருக்கி இல்லாமல். அம்மா திட்டவில்லை, போனையும் பிடுங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பூட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள் என்று தோழிகளிடம் சொன்னாள். தையற்கடை அக்கா ஏன் என்று கேட்பதில்லை என்றும் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதலில் ஒரு பெண் வந்தாள், பாவாடை விளிம்பில் ஹெம் பிரிந்துவிட்டது என்று. பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். போனில் இருந்ததெல்லாம் ரோஜா இல்லை. ஒருவன் போட்ட வேஷம் விளையாட்டு அணித் தேர்வாளர், ஒருவன் பதினைந்து வயதுத் தோழி, ஒருவன் தற்கொலை செய்துகொள்ளப்போகும் அண்ணன். இடுக்கியால் எடுத்துப் போடமுடியாதவை. ஊசியக்கா ஒவ்வொரு பிள்ளையோடும் அதன் வீட்டுக்கு நடந்தாள். சில வீடுகளில் அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். அவள் வாசலிலேயே நின்று, கதவிடம் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். தெரு முழுக்கக் கேட்கும் என்று பயந்து கதவு திறந்தது. நாத்தனார் கடையைப் பார்த்துக்கொண்டாள், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல். அந்தத் தெருவில் அதுதான் இரண்டாவது அதிசயம்.

ஒருநாள் பள்ளி விட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஆறடி உயரம், அரும்பு மீசை, நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே நுழைய முடிந்தது.

"பட்டன் பிஞ்சிடுச்சு அக்கா. தைச்சுத் தரீங்களா?"

"பட்டன் எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஊசியக்கா சட்டையில் மிஞ்சியிருந்த நூலைப் பார்த்தாள். பிய்ந்த நூல் பிசிறடிக்கும். இது பிளேடால் அறுத்தது, நுனி மழமழவென்று இருந்தது. பையன் நூல்கண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கை கால்சட்டைப் பைக்குள் போனை இறுகப் பிடித்திருந்தது.

வாயிலிருந்த ஊசிகளை எடுத்துக் குத்துமெத்தையில் குத்தினாள்.

"பட்டன் அப்புறம் ஆகட்டும். உக்காருப்பா. போனைக் காட்டு."